பட்டறைக்கு எதிரே

தம்பி மகன் இறந்துபோன செய்தி மூன்று நாள் அக்காவின் போனிலேயே கிடந்தது. ஆங்கிலத்தில் வந்திருந்ததால், போன் கம்பெனிக்காரன் அனுப்பும் விளம்பரங்களில் அதுவும் ஒன்று என்று அக்கா நினைத்துக்கொண்டார். தினமும் எட்டு பத்து அப்படி வரும். படிக்கவும் தெரியாது, அழிக்கவும் தெரியாது. நான்காம் நாள் மூட்டுவலி மாத்திரை வாங்கப் போன இடத்தில், இந்தக் கண்ட கழுதையையெல்லாம் அழித்துக் கொடு தம்பி, போனே கனமாகிவிட்டது என்று மருந்துக்கடைக்காரரிடம் நீட்டினார். அவர் ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டே வந்தார். ஒன்றில் வந்து விரல் நின்றுவிட்டது. கடையில் நாலு பேர் நின்றிருந்தார்கள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு, "அக்கா, நீங்க கொஞ்சம் உள்ள வந்து உட்காருங்க," என்றார்.

அந்த அக்காவின் தம்பிதான் பட்டறைக்காரர். வெல்டிங் பட்டறை. தெருவில் பாதி வீட்டு கேட்டும், ஜன்னல் கிரில்லும், மாடிப்படிக் கைப்பிடியும் அவர் கையால் ஆனவை. அறுபத்தொரு வயது. பேர் சொல்லிக் கூப்பிடுகிற ஆட்கள் ஒவ்வொருவராகப் போய்விட்டதால், பேரே அவருக்கு மறந்திருக்கும் என்று அக்கா கேலி செய்வார். மனைவி, மகனுக்கு நாலு வயதாக இருக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டாள். புருஷனை இழந்து தம்பி வீட்டோடு வந்திருந்த அக்காதான் பையனை வளர்த்தார்.

வளர்த்தது அக்கா, கண்டித்தது அப்பா. அப்பாவின் கண்டிப்பில் முதல் சட்டம், பையன் பட்டறைக்குள் கால் வைக்கக் கூடாது. சாப்பாட்டுத் தூக்கு கொண்டுவந்தால்கூட எதிர்ப் பக்கமே நின்று "அப்பா" என்று கூப்பிட வேண்டும். அவர்தான் ரோட்டைத் தாண்டி வந்து வாங்கிக்கொள்வார். நெருப்பைப் பார்த்தால் கண் போய்விடும் என்று ஊருக்குச் சொன்ன காரணம். இரும்புத்தூளின் வாசனைகூடப் பிள்ளை மேல் படக் கூடாது என்பது உள்ளே வைத்திருந்த காரணம். அவன் பேனா பிடிக்க வேண்டும். பிடித்தான். எஞ்சினியரானான். கடல் தாண்டி வேலைக்குப் போனான். பட்டறைக்காரர் அந்த வருடம் தரையில் நடக்கவில்லை.

தலைகால் புரியாத சந்தோஷத்துக்கு ஆயுசு குறைவு. அங்கே போன மூன்றாம் வருடம், கூட வேலை செய்யும் ஒரு பெண்ணைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாகப் போனில் சொன்னான். அந்த நாட்டுப் பெண். நம் மொழியில் ஒரு வார்த்தை தெரியாது. பட்டறைக்காரருக்கு வந்த கோபத்தைக் கோபம் என்று சொல்வதா, பயம் என்று சொல்வதா? பிள்ளையைப் படிக்கவைத்துப் படிக்கவைத்துத் தனக்கு எட்டாத உயரத்தில் தானே கொண்டுபோய் வைத்துவிட்டோம் என்று அந்த நிமிடத்தில்தான் அவருக்கு உறைத்தது. உறைத்ததை ஒப்புக்கொள்ளாமல் கத்தினார்.

"அவளைக் கட்டிக்கிட்டா இந்தப் பக்கம் வராதே. நீ வந்து என் எதிர்ல நின்னாலும் நான் உன்னை ஏறெடுத்துப் பார்க்க மாட்டேன்."

மகன் போனை வைத்தான். அப்பனைப் போலவே ரோஷக்காரன். விதை ஒன்று போட்டால் சுரை ஒன்று முளைக்குமா?

அதற்குப் பிறகு நாலு வருடம், மாதம் ஒரு தடவை அத்தையிடம் மட்டும் பேசுவான். ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் அடிக்கும். பட்டறைக்காரர் உடனே செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போவது போலப் போய், ஜன்னலுக்கு வெளியே சுவரில் சாய்ந்து நின்று, அக்கா பேசுகிற பாதிப் பேச்சை வைத்து மகன் பேசுகிற பாதியை ஊகித்துக்கொள்வார். அக்காவுக்கு இது தெரியும். அதனாலேயே ஒவ்வொன்றையும் உரக்கத் திரும்பச் சொல்வார். "என்னது, உனக்குச் சளி பிடிச்சிருக்கா?" என்பார். ஜன்னலுக்கு வெளியே ஒருவர் கவலைப்படுவார். நாலாம் வருடக் கடைசியில் அவர் இறங்கி வந்துவிட்டார். அடுத்த தடவை போன் வந்தால் என்னிடம் கொடு என்று அக்காவிடம் சொல்லியும் வைத்தார். அந்த அடுத்த தடவை வரவே இல்லை. மாதங்கள் போயின. அக்கா கூப்பிட்டுப் பார்த்தால் அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் குரல் சொன்னது. பெரிய இடத்துப் பிள்ளையாகிவிட்டான், நம்மை மறந்துவிட்டான் என்று பட்டறைக்காரர் முடிவு கட்டினார். அப்படி நினைத்துக்கொண்டே ஐந்து வருடம் ஓட்டினார். ஆறாம் வருடம், இரத்தத்தில் வந்த ஏதோ நோயில் இரண்டே மாதத்தில் போய்விட்டான் என்று, மருந்துக்கடைக்காரர் கல்லாவுக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு உட்காரவைத்துப் படித்துச் சொன்னார். அனுப்பியது மருமகள். அவன் பழைய நோட்டு ஒன்றில் அக்காவின் நம்பரைக் கண்டுபிடித்திருக்கிறாள்.

ஆறு மாதம் கழித்து அவளிடமிருந்தே இன்னொரு செய்தி வந்தது. இந்தத் தடவை அக்கா ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் தம்பியையும் கூட்டிக்கொண்டு மருந்துக்கடைக்குப் போனார். மாத்திரை அட்டைகளுக்கு நடுவில் போனை வைத்துக்கொண்டு மருந்துக்கடைக்காரர் படித்தார். என் கணவர் வளர்ந்த தெருவை நடந்து பார்க்க ஆசைப்படுகிறேன், நாலு மாதம் கழித்து லீவு கிடைக்கும், வரலாமா? அவ்வளவுதான் செய்தி. வரச் சொல் தம்பி என்றார் பட்டறைக்காரர். வரும்போது நானே வந்து ரெண்டு பேருக்கும் நடுவில் நின்று மொழிபெயர்த்துச் சொல்கிறேன் என்று மருந்துக்கடைக்காரர் பெரிய மனதோடு சொன்னார். நல்ல மனுஷர்தான். ஆனால் பட்டறைக்காரருக்கு மருமகளிடம் கேட்க ஒரே ஒரு கேள்வி இருந்தது. சாகும்போதும் அவன் என் மேல் கோபமாகத்தான் இருந்தானா, என்னைப் பற்றி ஏதாவது சொன்னானா? இந்தக் கேள்வியை மூன்றாம் மனுஷர் வாயில் போட்டுக் கேட்க முடியுமா? பதில் என்னவாக இருந்தாலும் அதை இன்னொருத்தர் காது முதலில் கேட்டுவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் தன்னிடம் தருவதை அவரால் இன்னொரு முறை தாங்க முடியாது.

அடுத்த வாரம் அவர் நூலக மாடியில் நடக்கும் ஆங்கில வகுப்பில் சேர்ந்தார். மாலை ஆறு முதல் ஏழரை வரை. துணிக்கடைப் பெண்கள், ஒரு லாரி டிரைவர், லிப்ட் ஆபரேட்டர், வாட்ச்மேன் ஒருவர், கல்யாணமாகி வெளிநாடு போகக் காத்திருக்கும் இரண்டு பெண்கள். கிழவர் என்று சொல்ல இவர் ஒருவர்தான். டீச்சர் பகலில் பேங்கில் வேலை பார்க்கிற முப்பது வயதுப் பெண். இந்த ஊருக்கு மாற்றலாகி வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. இவரை எப்படிக் கூப்பிடுவது என்று இரண்டு நாள் தடுமாறிவிட்டு, ஐயா என்று வைத்துக்கொண்டாள்.

வீட்டில் அக்கா ஆரம்பித்துவிட்டார். "ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமாடா? உனக்கு அறுபது வேற தாண்டிடுச்சு."

"இரும்பையே வளைக்கிறேன். சூடு வேணும், அவ்வளவுதான்."

"இரும்புக்குச் சரி. நாக்குக்கு எங்க சூடு வைப்பே?"

சூடு இருந்தது. அதை அக்காவும் அறிவார். அதனால்தான் கேலியை அதற்கு மேல் இழுக்கவில்லை. ராத்திரிச் சாப்பாட்டுக்கு அவர் வகுப்பு முடிந்து வரும்வரை தானும் சாப்பிடாமல் இருந்தார்.

முதல் பாடம் என் பெயர். இரண்டாம் பாடம் என் குடும்பம். ஒவ்வொருவராக எழுந்து நின்று சொல்ல வேண்டும். பட்டறைக்காரர் முறை வந்தது. எத்தனை பிள்ளைகள் என்றாள் டீச்சர். ஒன் சன் என்றார். என்ன செய்கிறார்? "ஹி இஸ் அன் எஞ்சினியர்," என்றார் பட்டறைக்காரர், ஒரு பிசிறு இல்லாமல். வகுப்பு கை தட்டியது. லாரி டிரைவர் முதுகில் தட்டிக்கொடுத்தார். இவர் உட்கார்ந்து நோட்டைத் திறந்து அதற்குள் தலையை வைத்துக்கொண்டார். அந்த அறையில், அந்த ஒரு மாலையில், மகன் எஞ்சினியராக உயிரோடு இருந்தான். அதை எழுந்து நின்று திருத்த அவருக்கு மனம் வரவில்லை. மறுநாள் வகுப்பு தொடங்குமுன் மாடிப்படியில் டீச்சரை நிறுத்தி, உண்மையைச் சொன்னார். மருமகள் வரப்போவதையும் சொன்னார். கேள்வியைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. டீச்சர் படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். அதுவும் இவர் வெல்டிங் வைத்த கைப்பிடிதான்.

மூன்றாம் பாடம் என் சுற்றுப்புறம். மற்றவர்கள் இரண்டு வாரத்தில் அதை முடித்துக் கடைக்குப் போய்ச் சாமான் வாங்கும் பாடத்துக்குப் போய்விட்டார்கள். இவர் மூன்று மாதமும் அதிலேயே நின்றார். எனக்கு இது போதும் டீச்சர், மருமகள் தெருவைத்தான் பார்க்க வருகிறாள், கடையில் சாமான் வாங்க வரவில்லை என்றார். அவள் விட்டுவிட்டாள். தேர் இஸ் எ பார்க் பிஹைண்ட் தி லைப்ரரி. தி போஸ்ட் ஆபீஸ் இஸ் நெக்ஸ்ட் டு தி பேங்க். இப்படி நாற்பது வாக்கியம். நடக்கும்போதும் குளிக்கும்போதும் அதுதான் வாயில். கிரில் அளவெடுக்கப் போன வீட்டில் அந்தம்மாவிடம், தி விண்டோ இஸ் நியர் தி டோர் என்று அளவுநாடாவை நீட்டியபடி சொல்லியிருக்கிறார். ஜன்னலை இடம் மாற்றச் சொல்கிறார் என்று அந்தம்மா பயந்து புருஷனைக் கூப்பிட்டாள்.

தெருக்காரர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. வழி சொல்லும்போது இருப்பதைச் சொல்ல மாட்டார்கள், இருந்ததைச் சொல்வார்கள். சினிமா கொட்டகை தாண்டி இடது பக்கம் என்பார்கள்; கொட்டகையை இடித்துப் பதினைந்து வருடமாகிறது. பட்டறை எங்கே என்றால் கடிகாரக்கடைக்கு எதிரே. கடிகாரக்கடைக்காரர் கடையை மூடி, அவரும் போய்ச் சேர்ந்து, அந்த இடத்தில் செருப்புக்கடை வந்து பதினெட்டு வருடம். பட்டறைக்காரரும் வகுப்பில் கூசாமல், மை ஒர்க்‌ஷாப் இஸ் ஆப்போசிட் தி க்ளாக் ஷாப் என்றார். பார்த்துவிட்டு வரலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பிய டீச்சர், தெருவை இரண்டு முறை மேலும் கீழும் அளந்துவிட்டுத் திரும்பிப் போனாள். மறுநாள் அவள் அங்கே கடிகாரக்கடையே இல்லையே ஐயா என்றதும், வகுப்பில் இருந்த தெருக்காரர்கள் அத்தனை பேரும் இருக்கிறது டீச்சர் என்று சாதித்தார்கள். வெளியூர்க்காரி என்ன செய்வாள்? சிரித்தாள். உங்கள் மருமகளும் என்னைப் போல வெளியூர்க்காரிதான் ஐயா, பார்த்துச் சொல்லுங்கள் என்றாள். அன்றிலிருந்து செருப்புக்கடை என்று மாற்றிப் படித்தார். இருந்தாலும் நாக்கு கடிகாரத்துக்கே போனது.

கேள்வியை மட்டும் அவர் தனியாகச் சேர்த்துக்கொண்டிருந்தார். முழுசாகக் கேட்டால் டீச்சருக்குத் தெரிந்துவிடும். அதனால் ஒரு நாள், சொல்வது என்பதற்கு என்ன வார்த்தை என்று கேட்டார். பத்து நாள் கழித்து, இன்னொன்றைக் கேட்கும் சாக்கில், பற்றி என்பதற்கு என்ன என்றார். திருடன் ஒவ்வொரு சாமானையும் ஒவ்வொரு கடையில் வாங்குவது போல. ஹி டெல் அபவுட் மீ? நோட்டின் கடைசிப் பக்கத்தில் தமிழ் எழுத்தில் எழுதி, அந்தப் பக்கத்தை மடித்து வைத்திருந்தார். டீச்சர் அந்த மடிப்பைப் பார்த்தும் பார்க்காதது போல நோட்டைத் திருப்பிக் கொடுப்பாள்.

மருமகள் ஒரு புதன்கிழமை காலை பத்து மணிக்கு வந்தாள். வாடகைக் காரிலிருந்து தனியாக இறங்கினாள். போனில் அனுப்பியிருந்த போட்டோவில் பார்த்ததைவிட மெலிந்திருந்தாள். கை கொடுப்பதா, கும்பிடுவதா என்று பட்டறைக்காரர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அக்கா போய் அவளைக் கட்டிக்கொண்டார். "எங்க பிள்ளையைப் பார்த்துக்கிட்டவ நீதானே," என்று சொல்லி அழுதார். அவளும் அழுதாள். அவர்கள் இரண்டு பேருக்கும் எந்த வகுப்பும் வேண்டியிருக்கவில்லை. அக்கா தன் போக்கில் தமிழில் பேசிக்கொண்டே இருந்தார்; அவள் தலையை ஆட்டிக்கொண்டே சாப்பிட்டாள். பட்டறைக்காரர் தேய்த்த சட்டையோடு வாசலில் காத்திருந்தார்.

பதினொன்றரைக்குக் கிளம்பினார்கள். தெருமுனையில் முதல் வாக்கியத்தைச் சொன்னார். "திஸ் இஸ் தி போஸ்ட் ஆபீஸ்." அவள் யெஸ் என்றாள். நூலகத்தைக் காட்டினார். பின்னால் பார்க் என்றார். நாற்பது வாக்கியமும் வரிசையாக வந்தன. ஆனால் சொல்லச் சொல்லத்தான் அவருக்கு ஒன்று புலப்பட்டது. எது எதற்குப் பக்கத்தில் இருக்கிறது என்பதைத்தான் மூன்று மாதம் படித்திருக்கிறார். அங்கே என்ன நடந்தது என்று சொல்ல ஒரு வார்த்தை கையில் இல்லை. அந்த பார்க்கில்தான் பையன் சைக்கிள் பழகி விழுந்தான். அதை எப்படிச் சொல்வது? வெயிலில் நின்று இரண்டு கையாலும் ஹேண்டில்பாரைப் பிடித்து, ஆட்டி, பொத்தென்று சாய்ந்து காட்டினார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் சட்டென்று சிரித்தாள். தன் முன்பல்லைத் தொட்டுக் காட்டி, பாதி உடைந்தது என்று விரலால் காட்டினாள். ஆமாம், பல் உடைந்தது. அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அதற்கப்புறம் அவர் இடத்தைக் காட்டினால் போதும், கதை அவளிடம் இருந்தது. பள்ளிக்கூடத்துச் சுவரைக் காட்டினார். ஏறிக் குதிப்பது போல அவள் விரலை நடத்திக் காட்டினாள். க்ளாக் ஷாப் எங்கே என்று அவளே கேட்டாள். டீச்சர் கேட்டிருக்க வேண்டும் இதை! அப்படியானால் அவன் இந்தத் தெருவை மறக்கவில்லை. ஒவ்வொரு கல்லையும் சொல்லி வைத்திருக்கிறான். கல்லைச் சொன்னவன் அப்பனைச் சொல்லாமலா இருந்திருப்பான்?

செருப்புக்கடை முன்னால் வந்து நின்றார்கள். ரோட்டுக்கு எதிர்ப் பக்கம் பட்டறை. கதவை இன்றைக்குப் பாதிதான் திறந்து வைத்திருந்தார். பாதி முடிந்த ஒரு கேட் சுவரில் சாய்ந்திருந்தது. "மை ஒர்க்‌ஷாப்," என்றார். அவள் யெஸ் என்றாள். ஆனால் இந்த யெஸ் வேறு மாதிரி இருந்தது. முகத்திலிருந்து சிரிப்பு போயிருந்தது. இனி தள்ளிப்போட முடியாது என்று தோன்ற, அவர் கேட்டுவிட்டார்.

"ஹி டெல்... அபவுட் மீ?"

செருப்புக்கடைக்காரர் இரண்டு ஸ்டூலைத் தூக்கி வெளியே வைத்தார். இரண்டு பேரும் உட்காரவில்லை. பிறகு அவள் சொன்னாள். இவருக்குப் புரிய வேண்டும் என்று ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்துச் சொன்னாள். ஆறு வருடம் முன்னால் நாங்கள் வந்தோம். இங்கே. தரையைக் காட்டினாள். அவர் இங்கே நின்றார். நீங்கள் எதிரே. வேலை செய்துகொண்டிருந்தீர்கள். பத்து நிமிடம் நின்றார். நீங்கள் நிமிர்ந்தீர்கள். பார்த்தீர்கள். அவர் கையைத் தூக்கினார். அவள் தன் கையைத் தோளுயரத்துக்குத் தூக்கிக் காட்டினாள். நீங்கள் மறுபடி வேலைக்குப் போய்விட்டீர்கள். நான் போங்கள் போங்கள் என்றேன். அவர் சொன்னார், அப்பா பார்த்துவிட்டார், வா போகலாம்.

டீச்சர் சொல்லிக்கொடுத்த ஒரு வார்த்தைகூட வீண் போகவில்லை. ஹியர் புரிந்தது. ஆப்போசிட் புரிந்தது. லுக் புரிந்தது. ஒன்றாவது புரியாமல் போயிருக்கக் கூடாதா? மருந்துக்கடைக்காரர் நடுவில் நின்றிருந்தால் இதில் பாதியை விழுங்கி, பாதியை மெழுகிச் சொல்லியிருப்பார். ஐந்து வருடம் போன் வராததற்குக் காரணம் இப்போது நட்ட நடுத்தெருவில் அவர் முன்னால் நின்றது. ஏறெடுத்துப் பார்க்க மாட்டேன் என்று சொன்ன வாய் அவருடையது. சொன்னபடி செய்துவிட்டார் என்று பிள்ளை எடுத்துக்கொண்டான்.

"நோ," என்றார். "நோ. ஐ நோ..." பார்க்கவில்லை என்பதற்கு வார்த்தை வரவில்லை. தெரிந்த வார்த்தைதான். அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்து ரோட்டைத் தாண்டி இழுத்துக்கொண்டு போனார். ஒரு ஆட்டோ ஹாரன் அடித்து ஒதுங்கிப் போயிற்று. பட்டறைக்குள், ஆணியில் மாட்டியிருந்த வெல்டிங் முகமூடியை எடுத்து, அவள் தலையில் மாட்டி, முகத்துக்கு இறக்கிவிட்டார். அவளை வாசல் பக்கமாகத் திருப்பி, செருப்புக்கடையைப் பார்க்க நிறுத்தினார்.

அந்த முகமூடியின் கறுப்புக் கண்ணாடி வழியாக நெருப்பு எரியும்போது நெருப்பும், அதைச் சுற்றி ஒரு சாண் இரும்பும் தெரியும். நெருப்பு அணைந்தால் எதுவும் தெரியாது. உச்சி வெயிலில் நின்றாலும் உள்ளே கும்மிருட்டு. உருகி ஒட்டும் வெல்டிங் குச்சி தீர்ந்தால் மற்றவர்கள் முகமூடியைத் தூக்கிவிட்டு அடுத்த குச்சியை மாட்டுவார்கள். பட்டறைக்காரர் தூக்க மாட்டார். கை பழக்கத்திலேயே மாற்றுவார். கழுத்து கடுத்தால் முகமூடியோடு நிமிர்ந்து, நேரே ஒரு நிமிடம் வைத்திருந்து, மறுபடி குனிவார். தூக்கித் தூக்கி இறக்குகிறவன் வேலை தெரியாதவன் என்று நாற்பது வருடமாகப் பேசி வந்த பெருமை அது. வேலை தெரிந்த எந்தப் பையனுக்கும் இது தெரியும். தன் பையனுக்கு மட்டும் தெரியாது. அவனைத்தான் அவர் உள்ளேயே விட்டதில்லையே.

மருமகள் அசையாமல் நின்றாள். ஒரு கையை முன்னால் நீட்டிக் காற்றைத் துழாவினாள். எதிரே செருப்புக்கடை வாசலில், ஸ்டூலுக்குப் பக்கத்தில், யாரும் இல்லாத அந்த இடத்தை நோக்கி முகம் இருந்தது. கொஞ்ச நேரத்தில் முகமூடிக்குள்ளிருந்து அழுகைச் சத்தம் வந்தது. அவள் அதைக் கழற்றவில்லை. அதைப் போட்டுக்கொண்டே அழுதாள். பட்டறைக்காரர் பாதி கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவளுக்குப் புரிந்துவிட்டது. புரிந்து என்ன? புரிய வேண்டியவன் புரியாமலே, அப்பனுக்குத் தன்னைப் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டே போய்விட்டான்.

கழற்றிய பிறகு அவள் ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். "ஹி டிட் நாட் நோ." அதுவும் அவருக்குப் புரிந்தது.

மாலையில் அவள் கிளம்பினாள். காரில் ஏறுமுன் அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வேகமாக என்னவோ நிறையச் சொன்னாள். அதில் ஒன்றும் அவருக்குப் பிடிபடவில்லை. கார் திரும்பியதும் அக்கா வாசற்படியில் உட்கார்ந்தார். பகல் முழுக்க அடக்கி வைத்திருந்ததைக் கேட்டார்.

"என்னடா சொன்னா? நம்மளைப் பத்தி ஏதாவது பேசினானாமா?"

"வந்தானாம்க்கா."

"யாரு?"

"அவன்தான். ஆறு வருஷம் முன்னாடி. பட்டறைக்கு எதிரே நின்னு பார்த்துட்டுப் போனானாம்."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். இவ்வளவு தூரம் வந்தவன் இருபது வீடு தள்ளி இருந்த தன்னிடம் வரவில்லையே என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். ஆனால் அதைக் கேட்கவில்லை. வேறொன்றைக் கேட்டார்.

"நீ பார்த்தியாடா அவனை?"

"பார்க்கலைக்கா," என்றார் பட்டறைக்காரர். அப்படியே அக்காவுக்குக் கீழ்ப்படியில் உட்கார்ந்து, அவர் முழங்காலில் தலையை வைத்துக்கொண்டு, தெரு பார்க்க அழுதார்.